முறையாக விடைபெறுவது ஊழியருக்கு மட்டும் உரிய கடமையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்ப்பரேட் நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் முறையாகச் சொல்லிக்கொண்டு விலகுவதில்லை, வெள்ளிக்கிழமை மாலை வரை இருந்துவிட்டுத் திங்கட்கிழமை காணாமற்போய்விடுகிறார்கள் என்று மனிதவள அதிகாரிகள் குறைப்பட்டுக்கொள்வதைத் தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் படித்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் பணியாளர் பிரிவில் தொடங்கி, பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் அலுவலகங்களில் முடிந்த என் பணிக்காலத்தில், ராஜிநாமா கடிதங்களைக் கையில் வாங்கும் இடத்தில்தான் நான் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குறையில் உண்மை உண்டு என்பதை மறுக்க மாட்டேன். அப்படியொரு நிலைமை உருவானதில் நிறுவனங்களுக்கு உள்ள பங்கு மட்டும் அதில் பேசப்படவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

விலகல் கடிதம் கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய நோட்டீஸ் காலத்திலிருந்து தொடங்க வேண்டும். சிக்கல்களில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. 1946ஆம் ஆண்டின் தொழிலக வேலைவாய்ப்பு நிலையாணைகள் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி நிலையாணைகளில், அதாவது தொழிலகப் பணி விதிகளில், மாதச் சம்பளம் பெறும் நிரந்தரத் தொழிலாளி தானாக விலகினாலும் நிர்வாகம் அவரை விலக்கினாலும் ஒரு மாத முன்னறிவிப்பு என்று இரு தரப்புக்கும் ஒரே அளவு வைக்கப்பட்டிருந்தது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவும், ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தராமலும் நீக்கக் கூடாது என்கிறது. ஒரு மாதம் என்ற இந்த அளவு தலைமுறைகளாகப் பழகிய ஒன்று. மென்பொருள் நிறுவனங்களிலும் தொடக்கத்தில் ஏறக்குறைய இதுதான் வழக்கமாக இருந்தது. பின்னர் அது இரண்டு மாதமாகி, இன்று பெரிய நிறுவனங்கள் பலவற்றில் 90 நாட்களாக நிலைபெற்றுவிட்டது. ஒவ்வோர் ஊழியரின் மணிக்கணக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பில் போடப்படும் தொழில் இது என்பதால், ஒருவர் போன இடத்தில் இன்னொருவரைத் தேடிப் பிடித்துப் பழக்குவதற்கு அவகாசம் வேண்டும் என்பது நிர்வாகங்கள் சொல்லும் காரணம். அது நியாயமான காரணந்தான். ஆனால் அதே நிறுவனங்களில் சில, தாங்கள் ஒருவரை அனுப்பும்போது 30 நாள் அல்லது அதற்குரிய சம்பளம் போதும் என்று அதே ஒப்பந்தத்தின் வேறொரு பத்தியில் எழுதிவைத்திருப்பதற்கு என்ன காரணம் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், தன்னிடமிருந்து போகிறவரை 90 நாள் நிறுத்திவைக்கும் அதே நிறுவனம், தன்னிடம் வருகிறவர் 30 நாளுக்குள் வந்து சேர வேண்டும் என்று கேட்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது ஊழியர்தான். மீதி நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டுப் போகிறேன் என்றால், பை-அவுட் நிர்வாகத்தின் விருப்பத்தைப் பொறுத்தது என்று பதில் வருகிறது. அப்போதுதான் சிலர் மருத்துவ விடுப்பு போட்டுவிட்டு வேறிடத்தில் போய் உட்காருகிறார்கள், சிலர் செல்பேசியை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. வருங்கால வைப்பு நிதிக்கு, வேலை மாறினாலும் மாறாத யூ.ஏ.என். என்ற ஒரே எண் 2014 முதல் வந்துவிட்ட பிறகு, எந்த மாதம் எந்த நிறுவனம் சந்தா கட்டியது என்பது வரிசையாகத் தெரிகிறது. ஒரே மாதத்தில் இரண்டு நிறுவனங்களின் சந்தா விழுந்தால், புதிய நிறுவனம் செய்யும் பின்னணிச் சரிபார்ப்பில் அது முதல் பார்வையிலேயே வெளிப்படும். சொல்லாமல் மறைந்துவிட்டார் என்ற பொருளில் அப்ஸ்காண்டிங் என்று பழைய நிறுவனத்தின் பதிவில் ஏறிவிட்ட ஒரு சொல், ஐந்தாறு ஆண்டுகள் கழித்து நல்ல வேலை ஒன்று கைக்கு எட்டும் நேரத்தில் குறுக்கே வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே முறையாக விலகுவது முதலில் ஊழியரின் சொந்த நலனுக்காகத்தான். அதில் நிதானம் வேண்டும். புதிய நிறுவனத்தின் தேர்வாளர் தொலைபேசியில் சொன்ன வாய்மொழி உறுதியை நம்பி ராஜிநாமா கடிதம் கொடுக்கக் கூடாது. சம்பளம், பதவி, சேர வேண்டிய நாள் ஆகிய எல்லாம் எழுத்தில் கைக்கு வந்து, கூடுமானால் பின்னணிச் சரிபார்ப்பும் முடிந்த பிறகே இங்கே வாய்திறக்க வேண்டும். வாய்திறப்பதும் முதலில் நேரடி மேலாளரிடம், தனியாக, நேரில் நடக்க வேண்டும். தோரைப்பாக்கத்து டீக்கடையில் கிளம்பிய பேச்சு தன் அறைக்கு வந்து சேர்ந்த பிறகு ஊழியரின் கடிதத்தைப் பார்க்கும் மேலாளருக்கு, அடுத்த மூன்று மாதங்களும் அவர்மீது ஒரு கசப்பு இருந்துகொண்டே இருக்கும். பேசி முடித்த அன்றே நிறுவனத்தின் இணைய முகப்பில் பதிவதோடு நிற்காமல் மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். வேலையை விட்டதும் இணைய முகப்பின் கதவு மூடிக்கொள்ளும் என்பதால் அந்த மின்னஞ்சலின் நகல் ஒன்று சொந்தக் கணக்கிலும் இருப்பது நல்லது.

கடிதம் எவ்வளவு சுருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இன்ன பதவியிலிருந்து விலகுகிறேன், ஒப்பந்தப்படி என் நோட்டீஸ் காலம் இன்ன தேதியில் முடிகிறது, கடைசி வேலை நாள் இன்னது, பொறுப்புகளை ஒப்படைக்க ஒத்துழைப்பேன், இதுவரை அளித்த வாய்ப்புக்கு நன்றி என்ற அளவில் நான்கைந்து வாக்கியங்கள் போதும். மேலாளர் பாரபட்சம் காட்டினார், பதவி உயர்வு தரவில்லை, சம்பள உயர்வு ஏமாற்றமளித்தது என்பவற்றையெல்லாம் ராஜிநாமா கடிதத்தில் கொட்டுவதால் ஒரு பயனும் இல்லை. அவற்றைத் திருத்தும் அதிகாரம் உள்ளவர் எவரும் அந்தக் கடிதத்தைப் படிப்பதில்லை. அது கோப்பில் கிடந்து, பின்னொரு நாளில் நம்மைப் பற்றி விசாரிக்க வருகிறவரின் கண்ணில் மட்டும் படும்.

ஆனால் இந்த அறிவுரைக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் சுருக்கமாக எழுதுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது ஆபத்து. பாலியல் தொல்லையாலோ, மிரட்டலாலோ, பல மாதங்களாகச் சம்பளம் வராததாலோ விலகும் ஒருவர், சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்ற வழக்கமான வாசகத்தை எழுதிக்கொடுத்துவிட்டால், பின்னாளில் உள்ளகப் புகார்க் குழுவின் முன்னோ தொழிலாளர் அதிகாரியின் முன்னோ அந்த வாசகமே அவருக்கு எதிராக எடுத்துக் காட்டப்படும். அத்தகைய சூழலில் உண்மைக் காரணத்தைக் கொச்சையில்லாமல் ஒரே வாக்கியத்தில் எழுதிவைப்பதுதான் முறை. நீங்களாகவே எழுதிக்கொடுத்துவிட்டால் நல்லபடியாக அனுப்புகிறோம், இல்லையென்றால் பணிநீக்கம் என்று பதிவு செய்வோம் என்று ஓர் அறைக்குள் அழைத்துச் சொல்லப்படும்போதும் இது பொருந்தும். ஆட்குறைப்பு செய்யும் நிறுவனங்கள் அதை ஆட்குறைப்பு என்று காட்டிக்கொள்ளாமல் ராஜிநாமாவாகக் கணக்கில் சேர்ப்பது இந்தத் துறையில் அனைவரும் அறிந்த ரகசியம். அந்த இடத்தில் உடனே கையெழுத்திடாமல், எழுத்து வடிவில் கேளுங்கள், இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள் என்பதே நான் என் உறவினர் பிள்ளைகளுக்குச் சொல்வது.

அவசரத்தில் எழுதிக்கொடுத்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கவும் வேண்டாம். எதிர்காலத் தேதியிட்டுக் கொடுத்த ராஜிநாமாவை அந்தத் தேதி வருவதற்குள் திரும்பப் பெறலாம் என்று, அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் பதவி விலகல் தொடர்பாக எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது. அது அரசமைப்புப் பதவி தொடர்பானது. தனியார் வேலையில் ஒப்பந்தத்தின் வாசகத்தையும், நிர்வாகம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டு பதில் அனுப்பிவிட்டதா என்பதையும் பொறுத்து நிலைமை மாறலாம். இருந்தாலும், மனம் மாறினால் அன்றே எழுத்தில் தெரிவிப்பதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம், போகாதே என்று நிர்வாகம் தடுப்பது வேறு விஷயம். கேட்டபோது கிடைக்காத தொகை, போகிறேன் என்றதும் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

நோட்டீஸ் நாட்களில் ஊழியர் நடந்துகொள்ளும் முறை பற்றி மனிதவள அதிகாரிகள் சொல்லும் குறையில் முழு நியாயம் உண்டு. கே.டி. என்று சொல்லப்படும் பொறுப்பு ஒப்படைப்பு, பெரும்பாலான இடங்களில் கடைசி வாரத்தில் இரண்டு மணி நேர வீடியோ கூட்டமாகச் சுருங்கிவிட்டது. எந்த வேலை எந்த நிலையில் நிற்கிறது, எந்த வாடிக்கையாளர் எதற்குக் கோபப்படுவார், எந்த நிரலை ஏன் அப்படி எழுதவேண்டி வந்தது என்பதெல்லாம் ஒருவரின் தலைக்குள் மட்டும் இருப்பவை. அவற்றை எழுதிவைத்துவிட்டுப் போகிறவரைத்தான் அந்தக் குழுவினர் பல ஆண்டுகள் கழித்தும் நல்லவிதமாக நினைக்கிறார்கள். இன்னொன்று, நிறுவனத்தின் கோப்புகளையோ நிரல்களையோ வாடிக்கையாளர் பட்டியலையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வது. நான் எழுதியதுதானே என்று சாதாரணமாகச் செய்கிறார்கள். ஊழியர் விலகல் கடிதம் கொடுத்ததும் அவருடைய கணினியில் நடக்கும் பரிமாற்றங்களைத் தனியாகக் கவனிக்கும் ஏற்பாடு பல நிறுவனங்களில் உண்டு. அனுமதியின்றித் தரவுகளை நகலெடுப்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43, 66ஆம் பிரிவுகளின் கீழ் நடவடிக்கை எடுக்க முடியும் என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதங்கள் ஆகிய தனக்குரிய ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்த ஊழியருக்கு நிறுவனம் திருப்பித் தருவது என்ன என்று பார்த்தால்தான் மனம் ஆறவில்லை. கடைசி நாளில் மடிக்கணினி, அடையாள அட்டை எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக்கொள்கிறார்கள். ரிலீவிங் லெட்டர் எனும் விடுவிப்புக் கடிதம் மட்டும், எஃப் அண்ட் எஃப் எனும் இறுதிக் கணக்குத் தீர்வு முடிந்த பிறகு வரும் என்கிறார்கள். அந்தத் தீர்வுக்கு 45 நாள் என்பது ஏதோ சட்டத்தில் எழுதியது போல எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் 17ஆம் பிரிவு, ஊழியர் விலக்கப்பட்டாலும் தானாக விலகினாலும் அவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது. முன்பிருந்த 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் இந்த விரைவு, நிர்வாகம் விலக்கியவர்களுக்கு மட்டுமே இருந்தது. விலகிச் செல்பவரையும் சேர்த்தது புதிய சட்டத்தின் நல்ல அம்சம். சட்டம் இப்படி இருக்க, 45 நாள் பழக்கம் மட்டும் எப்படித் தொடர்கிறது என்பதைத் தொழிலாளர் துறை கேட்க வேண்டும்.

ரிலீவிங் லெட்டரைப் பிணையாகப் பிடித்து வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். மாதிரி நிலையாணைகளில், நிரந்தரத் தொழிலாளி பணிநீக்கம் செய்யப்பட்டால்கூட அவருக்குப் பணிச் சான்றிதழ் பெறும் உரிமை தரப்பட்டிருந்தது. லேத் ஓட்டிய தொழிலாளிக்கு அன்று கொடுக்கப்பட்ட இந்த மரியாதை, குளிர்சாதன அறையில் வேலை பார்க்கும் பொறியாளருக்கு இன்று நிர்வாகத்தின் தயவாகிவிட்டது. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக ஓரிடத்தில் வேலை செய் என்று எந்த நீதிமன்றமும் உத்தரவிடுவதில்லை. ஒப்பந்தத்தை மீறினால் நியாயமான இழப்பீடு கேட்கலாம், அவ்வளவுதான். அந்த இழப்பீட்டை வாங்கிக்கொண்ட பிறகும் கடிதத்தை நிறுத்திவைப்பதற்குப் பழிவாங்கல் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. நோட்டீஸ் நாட்களுக்காகப் பிடிக்கும் தொகைமீது சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட் மாதச் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்திவிட்டது. கணக்குத் தாளில் அப்படியொரு வரி சேர்க்கப்பட்டிருந்தால் ஊழியர் தயங்காமல் கேட்கலாம்.

ஒப்பந்தக் கால பாண்டு பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தீர்ப்பளித்ததைக் காட்டி, எந்தத் தொகையை எழுதினாலும் செல்லும் என்று சில நிறுவனங்கள் பேசத் தொடங்கியிருக்கின்றன. அது பொதுத்துறை வங்கியாக இருந்தது. திறந்த போட்டி வழியாக மீண்டும் ஆள் எடுக்கும் செலவையும், அந்த ஊழியரின் பதவியையும் கருதித்தான் நீதிமன்றம் அந்தத் தொகை மிகையல்ல என்றது. பணியில் இருக்கும் காலத்துக்கான நிபந்தனை ஒன்று. விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரவே கூடாது என்று தடுப்பது முற்றிலும் வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் தன் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் உடன்பாட்டைச் செல்லாதது என்கிறது.

விலகும் தேதியை முடிவு செய்யும் முன் பணக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஐந்தாண்டு தொடர் பணி முடித்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. கடைசி ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கினால் தொகை கிடைக்கும். கணக்கில் கொள்ளும் ஊதியம் 40,000 ரூபாயாகவும் பணிக்காலம் ஆறு ஆண்டுகளாகவும் இருந்தால் ஏறத்தாழ 1,38,460 ரூபாய். இதை 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டி சேர வேண்டும். நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் கூறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் ஐந்து முழுமையாக முடியவில்லை என்று கைவிரிக்கும் நிறுவனங்களைப் பார்க்கிறோம். வைப்பு நிதியை உடனே எடுத்துச் செலவழிப்பதைவிடப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்வதே மேல். ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்தாண்டுப் பணிக்காலம் அப்போதுதான் சேரும். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தாவிலிருந்து இரண்டு மாதம் கழித்து ஊழியரே அதைப் பதிவு செய்துகொள்ள 2020 முதல் வசதி இருக்கிறது. பெற்றோர் இருவரும் நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள விதிகளில் இடம் உண்டு, ஆனால் விலகுவதற்கு முன்பே விசாரித்து விண்ணப்பிப்பது நல்லது.

தங்கள் நாளிதழ் வழியாகத் தமிழகத் தொழிலாளர் நலத்துறைக்கு வைக்கும் வேண்டுகோள் இது. நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதையும், நோட்டீஸை முழுமையாகப் பூர்த்தி செய்தவருக்கோ அதற்குரிய தொகையைக் கட்டியவருக்கோ பணிச் சான்றிதழும் விடுவிப்புக் கடிதமும் கடைசி வேலை நாளன்றே கையில் தரப்பட வேண்டும் என்பதையும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கும் பொருந்தும் வகையில் விதியாக்க வேண்டும். அதுவரை, இரண்டு வேலை நாட்களில் ஊதியம் என்ற சட்டப் பிரிவு சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் பின்பற்றப்படுகிறதா என்று ஆய்வாளர்கள் ஒருமுறை நேரில் சென்று பதிவேடுகளைப் பார்த்தாலே பாதிப் புகார்கள் குறையும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனிதவள மேலாளர் ஒருவர்,
மேடவாக்கம், சென்னை.